மாமாவைக் கேளுங்க: தேயிலை மலையும் பள்ளித் திடலும்

மகன் நாலாம் படிவம். எந்நேரமும் திடலில்தான் கிடக்கிறான். ஓட்டம் சோறு போடுமா, ஐயா?
*ஓர் அப்பா, ரிங்லெட்*

டாக்டர் எம். ஜெகதீசன் என்று ஒருவர். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 அஞ்சல் ஓட்டம் மூன்றிலும் தங்கம். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். ஓட்டம் அவருக்குச் சோறு போட்டதோ இல்லையோ, அவர் ஊருக்கே ஊசி போட்டார்.

அவர் ஜெகதீசன். என் மகன் சராசரிதானே?
*அதே அப்பா, மறு கடிதம்*

விடமாட்டீர்கள் போல! சராசரிக்கும் வழி உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 90 விழுக்காடு பாடம், 10 விழுக்காடு புறப்பாடம். ஓர் இடத்துக்கு இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போது அந்தப் பத்துதான் வாய் திறக்கும். பையனைத் திடலிலிருந்து விரட்டாதீர்கள். திரும்பி வந்ததும் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுங்கள்.

எஸ்.பி.எம்.மில் எந்தப் பாடத்துக்கு அதிகம் பயப்பட வேண்டும்?
*ஐந்தாம் படிவ மாணவி, தானா ராத்தா*

மலாய்மொழி, வரலாறு. 2013 முதல் இந்த இரண்டில் ஒன்று போனாலும் சான்றிதழ் கிடையாது. கணக்கில் கோட்டை விட்டவர்கூடச் சான்றிதழோடு வீடு போய்ச் சேரலாம். பரமேஸ்வராவை மறந்தவருக்கு அந்த யோகம் இல்லை.

எங்கள் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லை. தமிழ் எடுத்தால் 'ஏ' குறையும் என்றும் சொல்கிறார்களே?
*ஓர் அம்மா, பிரிஞ்சாங்*

1996 கல்விச் சட்டத்தைப் புரட்டுங்கள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் சொல்லித்தர வேண்டும். கால்பந்துக் குழுவுக்குப் 11 பேர், மாற்று ஆட்டக்காரர் நால்வர். ஆள் கணக்கு முடிந்தது, மனுவை எழுதுங்கள். 'ஏ' குறையுமா? படிக்காமல் எடுத்தால் எந்தப் பாடத்திலும் குறையும். பழியை மட்டும் தமிழ் ஏன் சுமக்க வேண்டும்?

நம் கேமரன் மலையும் உயரம்தானே? கென்யா மாதிரி ஓட்டக்காரர்களை உருவாக்கலாமே?
*விளையாட்டுப் பிரியர், ஹாபு*

கென்யாவில் ஓட்டக்காரர்களின் ஊரான ஈத்தென் சுமார் 2,400 மீட்டர். நம் தானா ராத்தா சுமார் 1,440. குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,031 மீட்டர்தான், ஆனால் அங்கே திடல் ஏது? சுற்றுலாக் கார்களுக்கு நடுவில் வளைந்து ஓடத் தெரிந்தால் அதுவும் பயிற்சியே. காற்று மெலியத் தானா ராத்தா உயரம் போதாது. ஏற்றம் மட்டும் இலவசம். சுங்கை பாலாஸ் சரிவில் தினம் ஏறி இறங்கும் பிள்ளைக்கு ஜிம்முக்கு யாராவது பணம் கட்டுவார்களா?

வயசுக்கு வந்த பேத்தி, அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஓடுறா. நல்லாவா இருக்கு, தம்பி?
*ஒரு பாட்டி, போ தோட்டம்*

ஓட்டம் நல்லா இருக்கா, அதைச் சொல்லுங்க பாட்டி! 1966 ஆசிய விளையாட்டில் பெண்கள் 400 மீட்டர் தங்கம் நம்ம எம். ராஜாமணிக்கு. அதே ஆண்டு நாட்டின் முதல் 'சிறந்த விளையாட்டு வீராங்கனை' விருதும் அவருக்குத்தான். சட்டை நீளம் வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம், ஓடும் தூரத்தைக் குறைக்கக் கூடாது. கூடையை மாட்டிக்கொண்டு அந்தச் சரிவில் நீங்கள் ஏறியதற்கு யாரும் மெடல் தரவில்லை. பேத்திக்காவது கிடைக்கட்டும்.

எனக்கு ஓடவே வராது. நடக்க மட்டும்தான் தெரியும்.
*இரண்டாம் படிவ மாணவன்*

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டு. 50 கிலோமீட்டர் நடையில் தங்கம், நம் ஜி. சரவணன். தம்பி, நட!

குறுக்கோட்டத்தில் காட்டோரமாக விடுகிறார்கள். தொலைந்து போனால்?
*பயந்தவள், ரிங்லெட்*

பயம் நியாயம்தான். தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று இங்கே காலாற நடக்கப் போனவர், இன்னும் திரும்பவில்லை. ஆனால் அவருக்கு வழியில் டீச்சர் நிற்கவில்லை. உனக்கு ஒவ்வொரு முனையிலும் ஒருவர் நிற்கிறார், வந்து சேர்ந்ததற்கு அடையாளமாகத் தர, கை நிறைய ரப்பர் பேண்டோடு. குறுக்கு வழியில் புகுந்து ஒரு ரப்பர் பேண்டைக் கோட்டைவிட்டால், காடு மன்னிக்கும். உன் சிவப்பு இல்லத் தலைவி மன்னிக்கமாட்டாள்.

மாவட்டத்தில் ஜெயித்துவிட்டேன். அடுத்தது குவாந்தானாம். ஏதாவது யோசனை?
*குண்டு எறிபவன்*

பகாங்கின் இந்தக் கோடியில் நீ, அந்தக் கோடியில் கடல். மலைப்பாதை வளைவுகளில் காலைச் சாப்பாட்டைக் காப்பாற்றிக்கொள்வதுதான் முதல் சுற்று. குளிரில் பழகிய உடம்பு, ஒரு நாள் முன்னதாகவே போய் அந்த வெயிலோடு சமாதானம் பேசு.

பயிற்சி முடிந்து வெளியே வந்தால் தோட்டத்து வேன் எப்போதோ போயிருக்கிறது. பயிற்சியை விட்டுவிடவா?
*மூன்றாம் படிவம், ஒரு தேயிலைத் தோட்டம்*

கிண்டல் எல்லாம் மேலே தீர்ந்துவிட்டது. வேன் மதியமே கிளம்பிவிடும், பயிற்சியோ மூன்று மணிக்கு. டவுன் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும். தோட்டத்துப் பிள்ளை கேன்டீன் வாசலில் காலணியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். இருட்டும் நேரத்தில் காய்கறித் தோட்டத்து லேண்ட் ரோவரை மறித்து, கோசுக் கூடைகளுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு வீடு போகும். நாலு வாரம் அப்படிப் போன பிள்ளை ஐந்தாம் வாரம் பயிற்சிக்கு வராது. பயிற்றுநர் 'ஆர்வமில்லை' என்று எழுதிவிடுவார்.

நீ விடாதே. மிச்சத்தைப் பெரியவர்களிடம் சொல்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, கோப்பை அடுக்க அலமாரிக்கு வசூலிக்கிறீர்கள், சரி. வாரத்தில் இரண்டு நாள், மாலை ஐந்தரைக்குத் தோட்டப் பக்கம் ஒரு வேன் விடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் அங்கமாக இதைப் பேசி முடிவெடுங்கள். பலகாரத் தட்டு அதற்கப்புறம் வரட்டும்.