பாதி பள்ளிக்கூடத்தில், பாதி வீட்டில்
பெற்றோர் கேள்வி – நம் பதில்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. புது யூனிபார்மில் புளிக்கறை படிந்துவிட்டது, பென்சில் பாதியாகிவிட்டது, பெற்றோருக்குக் கேள்விகளும் பிறந்துவிட்டன. கெங்குவார்பட்டியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கே இந்த முறை முழு இடமும்.

● விடிவதற்குள் நானும் வீட்டுக்காரரும் தோப்பு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகிறாளே என்று மனசு கிடந்து அடிக்கிறது.
– ஒரு தாய், கெங்குவார்பட்டி

வெறும் வயிற்றோடு போகட்டும் தாயே, ஆனால் வெள்ளென போகட்டும்! முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று சூடாகக் காத்திருக்கும். ஒரே நிபந்தனை, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பிள்ளை அங்கே இருக்க வேண்டும். மணி அடித்த பிறகு ஓடி வரும் பிள்ளைக்குச் சாப்பாடும் போச்சு, பிரேயரும் போச்சு.

யூனிபார்ம், பை, தண்ணீர் பாட்டில் மூன்றையும் ராத்திரியே எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் தெருவில் இன்னும் நாலு பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். அவர்களோடு சேர்த்து அனுப்ப ஓர் அம்மாச்சியிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் தோப்பில் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

● சத்துணவில் போடும் முட்டையைப் பேரன் டவுசர் பையில் போட்டு எனக்குக் கொண்டுவருகிறான். திட்டவும் மனசு வரவில்லை, தின்னவும் மனசு வரவில்லை.
– ஓர் அப்பத்தா, ஜி.கல்லுப்பட்டி

கொடுத்து வைத்த அப்பத்தா நீங்கள்! திட்டவே வேண்டாம். ஆனால் மத்தியானம் அவித்த முட்டை சாயங்காலம் வரை பையில் வெந்து புழுங்கினால் கெட்டுப்போகும். அது போக, அந்த முட்டை அவன் எலும்புக்கும் சதைக்கும் என்று கணக்குப் பார்த்துப் போட்டது. காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று அதைச் சத்துணவாக விரிவாக்கினார். முட்டை அதற்குப் பிறகு தட்டுக்கு வந்தது. இத்தனை பேர் பார்த்துப் பார்த்துப் போட்ட சாப்பாட்டை அவன் பந்தியிலேயே உட்கார்ந்து முடிக்கட்டும். “நீ தின்னாத்தான்யா எனக்கு வயிறு நெறையும்” என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். டீச்சர் நூறு தடவை சொல்வதைவிட அது எடுபடும்.

● “கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிங்க சார்” என்று சொல்லித்தான் எங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். இப்போது வாத்தியார் பிரம்பையே தொடுவதில்லை. அடியாத மாடு படியுமா?
– ஒரு தாத்தா, தேவதானப்பட்டி

படியாதுதான் ஐயா. ஆனால் அது மாட்டுக்குச் சொன்னது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னதில்லை. பிரம்புக்குப் பயந்து சுவரேறிக் குதித்தவர்கள் உங்கள் செட்டிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் பாதிப் பேராவது படிப்பை அங்கேயே விட்டிருப்பார்கள்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகப் பேசவும் கூடாது என்கிறது அதன் 17ஆம் பிரிவு. மீறினால் 1098க்குப் போன் செய்யலாம். வீட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சோறு உண்ண மறுக்கும் பிள்ளையிடம் “இரு, டீச்சர்கிட்டச் சொல்லி அடிக்கச் சொல்றேன்” என்று பூச்சாண்டி காட்டாதீர்கள். டீச்சரைப் பார்த்து நடுங்கும் பிள்ளை சந்தேகம் கேட்காது. சந்தேகம் கேட்காத பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

● ஒன்றாம் வகுப்பு மகனுக்கு வீட்டுப்பாடமே தருவதில்லை. பாட்டு, ஆட்டம், படம், களிமண் என்றே போகிறது. பாடம் நடத்துகிறார்களா இல்லையா?
– ஒரு தாய், பெரியகுளம்

நடத்துகிறார்கள் தங்கச்சி. அந்தப் பாட்டுதான் பாடம். 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றிருக்கும் நிலைக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். ‘அ’ தெரியாத பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பாடம் ஓடிவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே, மகன் அரும்பில் இருக்கிறான் என்றால் அழ வேண்டாம். பக்கத்து வீட்டு மலரோடு ஒப்பிட்டு அவனையும் அழவிட வேண்டாம்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசும், அந்த வகுப்புகளுக்குப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றது. சாயங்காலம் “என்ன எழுதினே?” என்று கேட்காமல் “இன்னைக்கு என்ன பாட்டு?” என்று கேட்டுப் பாருங்கள். பாடமே ஆடிக்கொண்டு வரும்.

● எனக்குக் கையெழுத்துக்கூடச் சரியாக வராது. நாலாம் வகுப்பு மகளுக்கு நான் என்ன சொல்லித் தர முடியும்?
– ஒரு தகப்பன், போடி

சொல்லித் தர டீச்சர் இருக்கிறார். நீங்கள் கேட்டால் போதும் தம்பி. தினம் கால் மணி நேரம், டிவியை அணைத்துவிட்டு, செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஒரு பக்கம் வாசி, அப்பா கேக்குறேன்” என்று உட்காருங்கள். நாலு, ஐந்தாம் வகுப்புகளுக்கென்றே பள்ளிக்கூடத்துக்கு ‘ஊஞ்சல்’ இதழ் வருகிறது. வாசித்தாளா என்று கேளுங்கள். கதையை உங்களுக்கு ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். வாசித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பரீட்சையில் பாதி முடிந்தது. வாரக் கூலியையும் கடைக் கணக்கையும் அவளையே கூட்டச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆகும், கடைக்காரரிடம் ஏமாறவும் மாட்டீர்கள்.

● ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குக் குடும்பத்தோடு கேரளா போகிறோம். பிள்ளை படிப்பு ஒரு வருசம் வீண்தானா?
– ஒரு தாய், கம்பம்

வீணாக்க விடாதீர்கள். வேறு பள்ளிக்குப் போவது பிள்ளையின் உரிமை, வேறு மாநிலமானாலும் சரி. கேட்டவுடன் டி.சி. தர வேண்டும் என்பது சட்டம். டி.சி. தாமதமானாலும், பிறப்புச் சான்று கையில் இல்லாவிட்டாலும் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆகவே எஸ்டேட்டுக்குப் போய் இறங்கியதும் சட்டி பானையை அடுக்கும் முன்பே பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரியுங்கள். இல்லையென்றால் இங்கேயே அம்மாச்சி வீட்டில் விட்டுப் படிக்க வையுங்கள். பிள்ளை எஸ்டேட் லயத்தில் தங்கைக்குக் காவலாக உட்கார்ந்திருப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

● மாசி சிவராத்திரிக்குக் காமாட்சியம்மன் கோயில் திருவிழா. எட்டு நாளும் பிள்ளைக்கு லீவு போட்டால் என்ன?
– ஒரு பக்தர், கெங்குவார்பட்டி

தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சி கோயிலில் கதவு சாத்தியே இருக்கும், அந்தக் கதவுக்குத்தான் பூசை. பள்ளிக்கூடக் கதவு அப்படி இல்லை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாளாவது அது திறந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதில் எட்டை எடுத்தால் எட்டு நாள் பாடம் போகும். ஒன்பதாம் நாள் வந்து உட்காரும் பிள்ளைக்கு வகுப்பில் என்ன நடக்கிறதென்றே புரியாது. அம்மன் எங்கேயும் போகப் போவதில்லை, தேவதானப்பட்டியும் பக்கம்தான். சாயங்காலம் மணி அடித்ததும் கூட்டிப் போங்கள். ராட்டினமும் அப்போதுதான் சுற்றும்.

● பூச்சி மாத்திரை கொடுத்தால் பிள்ளை மயங்கி விழும் என்கிறார்களே?
– ஒரு தாய், சில்வார்பட்டி

மயங்க வைப்பது வயிற்றில் இருக்கும் பூச்சி. பிள்ளை தின்பதில் பங்கு கேட்டு, ரத்தத்தையும் குறைத்துவிடும். அல்பெண்டசோல் மாத்திரையை நன்றாக மென்று தின்ன வேண்டும். பூச்சி நிறைய இருந்தால் கொஞ்சம் வயிற்று வலியோ குமட்டலோ வந்து, சீக்கிரம் அடங்கிவிடும். பிள்ளைக்கு அன்று காய்ச்சல் இருந்தால் டீச்சரிடம் சொல்லிவிடுங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம். தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10. அன்று லீவு போட வைக்காதீர்கள். மற்ற நாளெல்லாம் நகம் வெட்டுங்கள், செருப்புப் போட்டு அனுப்புங்கள், சாப்பிடும் முன்பும் கக்கூஸ் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள்.

● பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் அரை நாள் கூலி போகும். போகாவிட்டால்தான் என்ன?
– ஒரு தாய், கெங்குவார்பட்டி

போகாவிட்டால் உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் இல்லாமலே முடிவெடுப்பார்கள் தாயே. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்குத் தலைவரும் அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் தாய்தான். கக்கூஸில் தண்ணீர் வருகிறதா, சாம்பாரில் காய் இருக்கிறதா, சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிறதா, இந்த மாதம் எந்தப் பிள்ளை நின்றுபோனது என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். டீக்கடையில் கேட்டால் டீ மட்டும்தான் கிடைக்கும்.

கூலி போவது சின்ன விஷயம் இல்லை, தெரியும். அதனால் தெருவுக்கு நாலு தாய்மார் சேர்ந்து முறை வையுங்கள். இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர். போனவர் வந்து மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும். குறை சொல்ல மட்டும் போகாதீர்கள். நன்றாகச் சொல்லித் தரும் டீச்சரை எல்லார் முன்னாலும் பாராட்டிவிட்டு வாருங்கள். அடுத்த நாள் வகுப்பில் அதன் பலன் தெரியும்.

● ஒரே வரியில் சொல்லுங்கள், பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?
– அவசரக்காரர், வத்தலக்குண்டு

நேரத்தில் தூங்க வைத்து, நேரத்தில் அனுப்பி, சாயங்காலம் வந்ததும் முகம் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். இதற்குப் படிப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். அரசுப் பள்ளியில் புத்தகமும் சோறும் இலவசம்தான், ஆனால் வீட்டு அக்கறையை எந்த அரசாங்கமும் ரேஷனில் போட முடியாது. பள்ளிக்கூடம் பற்றிச் சந்தேகம் இருந்தால் முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள். அங்கே தீரவில்லை என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வாசலோடு நின்றுவிடாமல் உள்ளே போய் உட்காருங்கள்.