ஒயர் சமயமும் ஒயரில்லாச் சமயமும்: மதுராந்தகத்தில் ஒரு தர்க்கம்

உயிர்களுக்குச் செவி தாமதமாகத்தான் வழங்கப்பட்டது. தொல்காப்பிய மரபியல் உயிர்களைத் தரம் பிரிக்கையில் நான்கறிவு வரை காதுக்குக் கணக்கில்லை. நண்டும் தும்பியும் அந்த வகுப்பிலேயே நின்றுவிட்டன. ஆகவே ஹெட்போன் தொல்லை அவற்றுக்கு இல்லை. பழைய உயர்ரக ஹெட்போன் இன்னும் தாக்குப்பிடிக்குமா, புதுசு வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி, கையில் கொஞ்சம் காசும் வீட்டில் கொஞ்சம் எதிர்ப்பும் உள்ள ஆறறிவு உயிர்களை மட்டுமே பிடித்தாட்டுகிறது. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் முழுக்கக் கேள்விச் செல்வம்தான். ஆனால் ஒயரோடா, ஒயரில்லாமலா என்பதில் வள்ளுவர் பிடிகொடுக்கவில்லை. பரிமேலழகரும் நழுவிவிட்டார்.

மதுராந்தகத்தைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஏரி காத்த ராமர் கோயில் மகிழ மரத்தடியில் பெரிய நம்பி ராமானுஜருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்த ஊர் இது. உபதேசம் என்றால் காதோடு காதாக. ஒருவர் சொல்ல ஒருவரே கேட்பது. பிற்பாடு அதே ராமானுஜர் திருக்கோஷ்டியூர்க் கோயில் மேலேறி, ரகசியத்தை ஊருக்கே கேட்கும்படி உரைத்தார் என்கிறது குருபரம்பரை. ஹெட்போனிலிருந்து குழாய் ஸ்பீக்கருக்கு மாறிய முதல் நிகழ்ச்சி என்று இதைப் பதிவு செய்கிறேன். மறுப்பவர்கள் அடுத்த கருத்தரங்கில் சந்திக்கலாம்.

வைணவத்தில் வடகலை, தென்கலை இருப்பதுபோலவே இங்கும் இரண்டு கட்சி. ஒயர் கட்சிக்கு மர்க்கட நியாயம்: குரங்குக் குட்டி தாயைத் தானே கவ்விப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜாக்கைச் செருகு, சிக்கெடு, ஆம்ப் வாங்கு, பிறகு இசை. புளூடூத் கட்சிக்கு மார்ஜார நியாயம்: பூனைக் குட்டி சும்மா கிடந்தால் போதும், தாய் தூக்கிக்கொண்டு போகும். சார்ஜ் இருக்கும்வரை.

பழங்கட்சியின் வாதத்தை முதலில் பார்ப்போம். காந்தத்துக்கு நடுவே சுருள்கம்பி, அதில் ஒட்டிய மெல்லிய சவ்வு. 1937-ல் பெர்லினில் பேயர் நிறுவனம் டிடி 48-ஐச் செய்தபோது இருந்த தத்துவம்தான் இன்றைக்கும் பெரும்பாலான ஹெட்போன்களில் இருக்கிறது. சென்ஹைசரின் எச்டி 600 வந்தது 1997-ல், எச்டி 650 வந்தது 2003-ல். காது மெத்தை, ஒயர், தலைப்பட்டைப் பஞ்சு எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். வாய்ப்பாட்டை இவ்வளவு இயல்பாகக் கொடுப்பவை புதியவற்றிலும் அதிகமில்லை என்பது என் துணிபு. ஒரே குறை, 300 ஓம் மின்தடை. கைப்பேசியில் நேராகச் செருகினால் பாடகருக்குத் தொண்டை கட்டியதுபோல் கேட்கும். செருகவும் இடம் வேண்டுமே! 2016-ல் ஐபோன் 7 ஜாக் துளையை அடைத்தது. மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

புதுக்கட்சியின் பிரம்மாஸ்திரம் இரைச்சல் நீக்கம். வெளிச் சத்தத்தை மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே எழுப்பி இரண்டையும் மோதவிட்டுக் கரைப்பது. 1978-ல் விமானத்தில் போகும்போது இந்த யோசனை உதித்தது ஒலிப்பொறியாளர் அமர் போஸுக்கு. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகன். ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்று சோதித்ததில், லாரி எஞ்சினின் சீரான உறுமல் மாயமாகிறது. ஏர் ஹாரன் மட்டும் சித்தாந்தத்துக்குக் கட்டுப்படுவதில்லை. திடீர்ச் சத்தத்துக்கு எதிரலை கட்டி முடிப்பதற்குள் பஸ் மேல்மருவத்தூரைத் தாண்டிவிடும். எச்டி 600-ஓ பின்புறம் திறந்த வகை. அதே இடத்தில் அதை மாட்டினால் சுசீலாவோடு டிப்பர் லாரியும் சேர்ந்து பாடும். ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்தால் பழையது ஜெயிக்கிறது. ஆம்பைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வருபவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று, மேலைநாட்டு ஆய்வாளர் அதிகம் பட்டறியாதது. தோல் என்று சொல்லி விற்கப்படும் ரெக்சின் மெத்தை ஈரக்காற்றில் வேதிமுறையில் சிதைகிறது. தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர, ஒருநாள் ஹெட்போனைக் கழற்றினால் காது மடலெங்கும் கறுப்புச் செதில்கள். கண்ணாடி பார்க்காமல் கல்யாணத்துக்குப் போனால் விசாரிக்கத் தொடங்குவார்கள். எச்டி 600-க்கு வெல்வெட் போன்ற துணி மெத்தை. அது எண்ணெயைக் குடித்துத் தட்டையாகுமே தவிர உரியாது. புதியதன் மெத்தையை மாற்றினாலும், சில வருஷத்தில் உள்ளே பாட்டரி சாகும். அதை மாற்றச் சொல்லிக் கடையில் கேட்டால், புது மாடலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

கடைசியாக, இரு கட்சியும் மறைக்கும் ஒரு செய்தி. மனிதக் காதின் வீச்சு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். அது இளங்காதுக்கு. வயது ஏற ஏற மேல்நிலைச் சுருதிகள் ஒவ்வொன்றாக விடைபெறும். 1997-ல் வாங்கிய ஹெட்போன் தேறிவிட்டது. வாங்கிய காதுதான் பழைய மாடல். அதற்குப் புது மாடல் எந்தக் கடையிலும் இல்லை.

எனவே தீர்ப்பு: வீட்டில் பழையது, பஸ்ஸில் புதியது. பரணில் நல்ல ஹெட்போன் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள், மெத்தையை மாற்றிப் பாருங்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. மதுராந்தகம் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தைக் கடக்கும்போது மட்டும் எந்தக் கட்சியானாலும் கழற்றிவிடுங்கள்.