டிரம்மில் ஓடிய எஞ்சின்

கார்ப்பரேட்டர் பெர்னூலித் தத்துவத்தில் இயங்குகிறது என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பணிக்காலம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். குறுகலான வழியில் போகும் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்துக்கு எரிபொருள் தானாக ஏறிவரும். பலகையில் அழகாகப் படம் போடுவேன். பெர்னூலி 1738-இல் புத்தகம் வெளியிட்டார் என்று, யாரும் கேட்காத ஆண்டையும் சேர்த்துச் சொல்வேன். ஓய்வு பெற்றபின் மச்சினனோடு கூட்டுச் சேர்ந்து ஒரு ஃபைபர் வள்ளமும் பழைய அவுட்போர்டு எஞ்சினும் வாங்கியபோது, "எஞ்சினை என்கிட்ட விட்டிரு" என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்துக்கு மேற்கே எங்கள் ஊர். 1980-களில் இந்தக் கரைக்கு அவுட்போர்டு வந்தபோதும் என் அப்பா கட்டுமரத்தை விடவில்லை. என்னைப் படிக்க அனுப்பினார். ஆகவே எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் இருந்தது மட்டும்தான். நாங்கள் வாங்கியது 9.9 குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது. முழு வேகம் கொடுத்தால் ஒரு குறையும் கிடையாது. வேகத்தைக் குறைத்தால் இருமும், நடுங்கும், அணைந்துவிடும்.

வேகமாக ஓடுகிற எஞ்சின் மெதுவாக ஓடாவிட்டால் என்ன நஷ்டம் என்று கடல் பக்கம் வராதவர்கள் கேட்கலாம். எங்கள் ஊருக்குத் துறைமுகம் இல்லை. வள்ளம் அலையைத் தாண்டித்தான் மணலுக்கு வர வேண்டும். பெரிய அலைகள் வரிசையாக வந்து உடைந்து தீரும்வரை, அவை உடையும் இடத்துக்கு வெளியே எஞ்சினை மெதுவாக வைத்துக் காத்திருக்க வேண்டும். இடைவெளி கிடைத்ததும் முடுக்கிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து எஞ்சின் அணைந்தால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பும். திரும்பினால் கவிழும். நாங்கள் கவிழவில்லை. மச்சினன் துடுப்பு வலித்த வலியில் பிழைத்தோம். அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது நான் காற்றின் அடர்த்தியைப் பற்றி ஏதோ சொன்னதாக நினைவு.

எனக்கு ஒரு வியாதி உண்டு. சின்னக் காரணத்தை ஏற்றுக்கொள்ளக் கௌரவம் இடம் கொடுக்காது. காய்ச்சல் வந்தால் அபூர்வக் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே, எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்காமல், "கிராங்க் சீல் போயிருச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன். அது அர்த்தமில்லாத பேச்சும் அல்ல. டூ ஸ்ட்ரோக்கில் காற்றும் எண்ணெயும் கிராங்க் பெட்டி வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும். சீல் கசிந்தால் வெளிக்காற்று புகுந்து ஐடிலிங், அதாவது மெதுவோட்டம், நிலைக்காது. அதனால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது. கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். தலையாட்டல் கிடைத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றியது.

அடுத்தது ஐடிலிங் ஸ்க்ரூ. அதைத் திருகிக் கூட்டியதும் எஞ்சின் அணையவில்லை. ஆனால் கியர் போட்டதும் 'டக்'கென்று ஒரு சத்தம். வள்ளம் எகிறிப் பாய்ந்தது, முன்னால் நின்றவன் கணவாய்க் கூடைக்குள் உட்கார்ந்தான். பழுது அப்படியே இருக்க, அதை மறைத்துவைக்கத்தான் திருகியிருக்கிறேன் என்று அப்போது புரியவில்லை. புது பிளக்குகள் வாங்கினேன். ஒன்றைச் சிமெண்டுத் தரையில் போட்டுப் பீங்கானை உடைத்தேன். அதற்கும் ஒன்று வாங்கினேன். முன்னேற்றமில்லை.

பிறகு கரையில் வைத்துச் சோதிப்பது என்று முடிவானது. தண்ணீரில்லாமல் அவுட்போர்டை ஓட்டக்கூடாது. குளிர்விக்கும் தண்ணீரை மேலே தள்ளுகிற ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே காய்ந்து கெட்டுப்போகும். இது எனக்குத் தெரிந்திருந்தது என்பதை இந்தப் பத்தியில் என் பக்கத்து நியாயமாகப் பதிவு செய்துகொள்கிறேன். வீட்டுப் பின்புறம் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினைச் சட்டத்தில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன். என்ன அருமையான ஐடிலிங்! அணையவே இல்லை. கோளாறு எஞ்சினில் இல்லை, கடலில்தான் என்று அறிவித்தேன். அடுத்த நாள் கடலுக்குப் போனோம். வேகத்தைக் குறைத்தேன். அணைந்தது.

அன்று இரவு எஞ்சினோடு வந்த கையேட்டைப் படித்திருக்கலாம். நான் அவுட்போர்டின் வரலாற்றைப் படித்தேன். ஓலே எவின்ரூட் என்கிற நார்வேக்காரர் அமெரிக்காவின் மில்வாக்கியில் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் 1.5 குதிரைசக்தி, எடை 28 கிலோ. காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி ஏரியில் துடுப்பு வலித்துத் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அதில் பிறந்த யோசனை என்று ஒரு கதை. அந்த எஞ்சினில் கியர் கிடையாது. ஸ்டார்ட் ஆன உடனே படகு கிளம்பிவிடும். அவர்மேல் பொறாமையாக இருந்தது.

மறுநாள் காலையில் கார்ப்பரேட்டரைக் கழற்றினேன். இங்கேதான் என் பாடம் என்னைக் கைவிட்டது. நான் வரைந்த படம் வேகமாக ஓடும் எஞ்சினுடையது. வேகம் குறையும்போது காற்றுக் கதவு ஏறத்தாழ மூடிக்கொள்ளும். குறுகலில் போகும் காற்றுக்கு மெயின் ஜெட்டிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் பலம் இருக்காது. அந்த நேரத்தில் எஞ்சினுக்கு உணவூட்டுவது ஸ்லோ ஜெட் என்ற, ஊசி முனையளவு ஓட்டையுள்ள பித்தளைத் துண்டு. என் பலகைப் படத்தில் அது இருந்ததே இல்லை. ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. ஓட்டை அடைத்திருக்கும் என்று, கோயில் பாடகர் குழுக் கிட்டாரின் அறுந்த தந்தியை வாங்கி உள்ளே விட்டுக் குடைந்தேன். பித்தளை மிருது, தந்தி எஃகு. பிறகு கலவையைச் சரிசெய்யும் மிக்ஸிங் ஸ்க்ரூவை, ஒழுகும் வீட்டுக் குழாயை மூடுவதுபோலப் பலம்கொண்ட மட்டும் இறுக்கினேன். எல்லாவற்றையும் மாட்டினேன். முன்பு கடலில் மட்டும் அணைந்த எஞ்சின் இப்போது டிரம்மிலும் அணைந்தது.

குளச்சல் பக்கம் ஒரு பட்டறைக்குத் தூக்கிப் போனோம். மெக்கானிக் எஞ்சினைத் தொடுவதற்கு முன் என்னிடம் நடந்ததைக் கேட்டார். நான் விரிவாகச் சொன்னேன். கிராங்க் சீல் வரும்போது அவர் டீ சொல்லி அனுப்பினார். முடித்ததும் கேட்டார்:

"சாரே, டிரம்முல எந்த எண்ணெயில ஓட்டினீங்க?"

"பெட்ரோல்ல. மண்ணெண்ணெய்ப் புகை காயப்போட்ட துணியில படியுதுன்னு வீட்டுல சண்டை."

"கடல்ல?"

"மண்ணெண்ணெய்ல."

அவர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான்.

விஷயம் எங்கள் கரையில் சின்னப் பையனுக்கும் தெரிந்தது. பெட்ரோல் குளிர்ந்த எஞ்சினிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதனால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானபின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை நெருங்கி வேகத்தைக் குறைக்குமுன் மறுபடி பெட்ரோலுக்கு வருவார்கள். மெதுவாக ஓடும் எஞ்சின் சூடு குறைந்துவிடும், மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல் பிளக்கை நனைக்கும். பெட்ரோலிலேயே நிறுத்தினால்தான் கார்ப்பரேட்டரில் மறுநாள் ஸ்டார்ட்டுக்குப் பெட்ரோல் நிற்கும். விலையைக் கணக்குப் போட்டு, ஸ்டார்ட்டுக்கு மட்டும்தான் பெட்ரோல், பிறகு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்று எங்கள் வள்ளத்தில் சட்டம் போட்டது நான்.

"உனக்குத் தெரியும்தானே, ஏன்டா சொல்லல?" என்றேன் மச்சினனிடம்.

"நீங்க ஏதோ கணக்கு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் அத்தான்."

மெக்கானிக் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தது, மிக்ஸிங் ஸ்க்ரூவின் முனையில் வரி விழுந்திருந்தது. எதை விட்டுக் குத்தினீர்கள் என்று கேட்டார். கிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை; ஏதோ கம்பி என்றேன். இரண்டையும் மாற்றினார். புது ஸ்க்ரூவை மெல்ல உட்காரவைத்து, கையேட்டில் போட்டிருந்த அளவுக்குத் திருப்பி வெளியே எடுத்தார். கையேட்டை அவர்தான் முதன்முதலாகப் பிரித்தார், பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

எஞ்சின் இப்போது மச்சினன் பொறுப்பு. எனக்குக் கணக்கு எழுதும் வேலை. மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் இரண்டு வேண்டுகோள். கரைக்கு வருமுன் பெட்ரோலுக்கு மாற்றுங்கள். ஜெட் அடைத்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பியை உள்ளே விடாதீர்கள். அதற்கும் மேல் சந்தேகம் வந்தால் இயற்பியல் வாத்தியாரைக் கேட்க வேண்டாம்.