காலி சீட்டோடு சண்டை

"மாமா, நீங்க முறைக்கிறது கேப்டன் முறைக்கிற மாதிரியே இல்ல. தவணை கட்டாதவனைப் பார்த்து முறைக்கிற மாதிரி இருக்கு" என்கிறான் அக்கா பையன். வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளியவன் வேறு எப்படி முறைப்பானாம்?

அடுத்த வாரம் அவனுக்கு கோ-பைலட் வேலைக்கு இன்டர்வியூ. பம்மலில் எங்கள் வீட்டு ஹாலில் ராத்திரி தோறும் ஒத்திகை நடக்கிறது. நான்தான் போர்டு. என் மனைவி எச்.ஆர். அக்கா வெறும் பார்வையாளர், ஆனால் எல்லாரையும்விட அதிகம் பேசுவது அவள்தான். வீட்டுக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் பையன் பதிலைப் பாதியில் விட்டுவிட்டு "ஏ320" என்கிறான். அவனே அதைச் செய்து அனுப்பியதுபோல் அக்கா என்னைப் பார்க்கிறாள். 

படிப்பில் அவனைக் குறை சொல்ல முடியாது. கடல் மட்டத்தில் 15 டிகிரி, 1013.25 ஹெக்டோபாஸ்கல், மேலே போகப் போக 1000 அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கேட்காமலே சொன்னான், பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்குத் தூக்கம் போயிற்று. வானிலை, நேவிகேஷன், ரெகுலேஷன் என்று டி.ஜி.சி.ஏ. பரீட்சையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டான். மாட்டிக்கொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வியில்: "கூட வேலை செய்பவரோடு உங்களுக்குக் கருத்து வேறுபாடு வந்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள்."

கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் அவனே பைலட் இன் கமாண்ட். அதாவது பெரும்பாலும் சின்ன செஸ்னாவில் தன்னந்தனியாக. பக்கத்து சீட் காலி. காலி சீட்டோடு என்னய்யா கருத்து வேறுபாடு வரும்? மீதி நேரம் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர். அவர் கத்துவார், இவன் "எஸ் சார்" என்பான். அதில் கருத்தும் கிடையாது, வேறுபாடும் கிடையாது.

சரி, வீட்டிலிருந்து ஒன்றைக் கொடுத்து அனுப்பலாம் என்று உட்கார்ந்தோம். சண்டைக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமா? ஆனால் யூடியூப் வாத்தியார்கள் போடுகிற நிபந்தனைகளைக் கேட்க வேண்டுமே! சண்டை நிஜமாக நடந்திருக்க வேண்டும், ஆனால் ஒருத்தரும் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. பையன் பக்கம் நியாயம் இருக்க வேண்டும், எதிராளி பக்கமும் இருக்க வேண்டும். முடிவில் இருவரும் எதையோ கற்றுக்கொண்டு முன்னைவிட நெருக்கமாகியிருக்க வேண்டும். எல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள்.

மாடிக்காரரோடு போர் மோட்டார் தகராறு. அதில் பையன் நியாயமாகத்தான் பேசினான். ஆனால் அது குடியிருப்போர் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய், இன்றைக்கும் அவர்கள் வீட்டுப் பால் பாக்கெட்டைப் பூனை கிழித்தால் எங்கள் ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள். நெருக்கம் என்ற இடத்தில் உதைக்கிறது. பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் அப்பா பெயர் விட்டுப்போனது. நல்ல சண்டை, ஆனால் இன்னும் முடியவில்லை. ஹாஸ்டலில் ரூம்மேட்டோடு வந்தது முடிந்தது, அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதால். கிரைண்டர் விஷயத்தை எடுத்தால் என்ன என்று அக்கா ஆரம்பித்தாள். எச்.ஆர். அந்த இடத்திலேயே ராஜினாமா செய்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். டேக்-ஆஃபில் வேகம் வி-1 தாண்டிவிட்டால் நிறுத்த நினைக்கக் கூடாது, கிளம்பியே ஆக வேண்டும் என்று பையன் சொல்லியிருக்கிறான். எங்கள் வீட்டில் வி-1 என்பது "உங்க அம்மா வீட்டுல" என்ற மூன்று வார்த்தை. கிரைண்டர் பேச்சு ஒருநாளும் அதற்கு முன்னால் நின்றதில்லை.

நீங்களும் தேடிப் பார்த்திருப்பீர்கள். கிடைக்காமல்தானே கல்லூரி ஆண்டுவிழாவில் மேடை அலங்காரம் பற்றி நடக்காத தகராறு ஒன்றைச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தீர்கள்?

கேள்வி மேல் எனக்குக் கோபம் இல்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில், மூடுபனியில், இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் செத்தார்கள். பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கே.எல்.எம். ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகம் கேட்டார். பெரிய பெயர் வாங்கிய கேப்டன் அதைத் தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதை ஒரு பாடமாகவே வைத்தார்கள். நியாயமான பாடம். ஆனால் பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று அதட்டி வளர்த்த பையனை, அரைக் கோடிக்கு மேல் கொட்டி, குறுக்கே பேசப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். பழகிப் பார்க்க ஒரு பெரியவர் வேண்டுமே. நான் அகப்பட்டேன்.

இதற்குப் படிகள் இருக்கின்றனவாம். முதலில் கேள்வியாகக் கேட்க வேண்டும். பிறகு எச்சரிக்க வேண்டும். பிறகு அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கன்ட்ரோலைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். நேற்றுக் காலை காபியில் இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை போட்டேன்.

"மாமா, ரெண்டாவது ஸ்பூனா?"

"ஆமா."

"போன மாசம் சுகர் ரிப்போர்ட்ல என்ன இருந்துச்சு மாமா?"

நான் கலக்கினேன்.

"மாமா, எனக்கு இது சரியாப் படல. டம்ளரைக் கீழ வைங்க."

நான் வாயருகே கொண்டுபோனேன். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றபடி பிடுங்கி சிங்க்கில் கொட்டிவிட்டான். முதல் டிகாக்‌ஷன். கள்ளிச் சொட்டு மாதிரி இறங்கியிருந்தது.

"இதையே இன்டர்வியூல சொல்லுடா!" என்று அக்கா கைதட்டினாள். ராஜினாமா செய்த எச்.ஆர். கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். எல்லா நிபந்தனைக்கும் பொருந்துகிறதாம். பையன் அப்போதே நோட்டில் எழுதிவிட்டான். அதில் காபியும் இல்லை, நானும் இல்லை. "மூத்த சக ஊழியர் ஒருவர்" என்றிருக்கிறது. கடைசி வரியில் அந்த மூத்தவர் நிதானமாக யோசித்துப் பார்த்து இவனுக்கு நன்றி சொல்கிறார்.

நான் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.