முக்கால் தேரா, நாற்கால் தேரா? ஈஸ்ட்ஹாம் நடைபாதைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

குழந்தைத் தள்ளுவண்டிக்குச் சக்கரம் மூன்றா நான்கா என்ற வினாவைத் தமிழாய்வுலகம் இதுவரை தொட்டதில்லை. தொல்காப்பியரின் காலத்துக்கும் சிந்துவெளி எழுத்துக்கும் செலவான தாளில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் லண்டன் ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் சனிக்கிழமை மத்தியானம் மரக்கறி வாங்கப் போன எவரும் சிந்துவெளி எழுத்து மோதிக் கணுக்கால் வீங்கி வீடு திரும்பியதில்லை. வண்டி மோதித் திரும்பியோர் பலர். ஆய்வுலகின் இந்த ஓரவஞ்சனையை நீக்குவதே நம் நோக்கம்.

முதலில் எல்லை வகுப்போம். தலை நின்று, தானாக உட்காரப் பழகிய குழந்தை முதல், “நான் நடக்கமாட்டன்” என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த குழந்தை வரை இவ்வாய்வுக்கு உட்படும். இரட்டைப் பிள்ளைகள் தனி நூலுக்கு உரியவர்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு அதைப் படிக்க நேரமிராது என்பதால் அந்நூல் எழுதப்படவில்லை.

முச்சக்கரவாதிகள் தங்கள் கட்சிக்குப் பழமை தேடினால் நேரே பட்டினப்பாலைக்குப் போகலாம். காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் பெண்கள் உணவுப்பொருளைக் காயப் போட்டிருக்கிறார்கள். கோழி வந்து கொத்துகிறது. காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது போய்ச் சிறுவர்கள் உருட்டிவரும் குதிரையில்லாத சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. அந்தத் தேருக்குக் கால் மூன்று என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் எண்ணியே சொல்லிவிட்டார். நான்கு சக்கரக் கட்சியிடம் இதற்கு ஈடான சான்று கிடையாது.

கோழிக்குத் தங்கத்தை எறியும் ஊர் எவ்வளவு செழிப்பான ஊர் என்று வியப்பதே உரை மரபு. அற்றன்று. ஒற்றை முன்சக்கரம் உள்ள வண்டி, வழியில் கிடக்கும் சின்னத் தடையிலும் முட்டி நின்றுவிடும் என்ற வடிவமைப்புக் குறையைத்தான் புலவர் பதிவு செய்கிறார். அப்படியானால் அது சிறுவர் உருட்டி விளையாடிய வண்டியா, குழந்தையை உட்கார வைத்துத் தள்ளியதா என்று சிலர் கேட்கக்கூடும். தன் முடிவுக்கு இடைஞ்சலான கேள்வியை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது ஆய்வாளர் வழக்கம். இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு இல்லை.

அங்கிருந்து இங்கிலாந்துக்கு வருவோம். 1733இல் வில்லியம் கென்ட் என்ற கட்டட, தோட்டக் கலைஞர் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்துகொடுத்தார். அதை இழுக்க ஆட்டையோ மட்டக்குதிரையையோ பூட்டினார்கள். பிள்ளையைப் பெற்றவரே வண்டியையும் தள்ள வேண்டும் என்ற விபரீத யோசனை அன்றைக்கு யாருக்கும் வரவில்லை. அது வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இன்றைய சண்டையின் வேர் இரண்டு மனிதர்களிடம் இருக்கிறது. ஒருவர் ஓவன் மக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர். பேரப்பிள்ளையோடு வந்த மகள் கனத்த வண்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர், குடைபோல் மடியும் அலுமினிய வண்டியை உருவாக்கி 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோவுக்குள். மற்றவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊரைச் சேர்ந்த ஃபில் பெக்லர். ஓட்டப் பிரியர். பிள்ளையையும் விட முடியவில்லை, ஓட்டத்தையும் விட முடியவில்லை. 1984இல் ஒரு பழைய தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டி முன்னே ஒன்று, பின்னே இரண்டாக ஓட்டிப் பார்த்தார். இன்றைக்குக் கடைகளில் நிற்கும் பெரிய சக்கர முச்சக்கர வண்டிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை.

ஆக, ஒன்றைச் செய்தவர் ஒரு தாத்தா. மற்றதைச் செய்தவர் ஓர் அப்பா. இரண்டு பேரும் அம்மம்மாவைக் கேட்கவில்லை. லண்டன் தமிழ்க் குடும்பத்தில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு வண்டியைத் தள்ளுவது யார்? யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திறங்கிய அம்மம்மா. ஓட நினைத்தவர் ஓடுவதற்காகச் செய்த வண்டியை, பத்தடிக்கு ஒருமுறை தெரிந்த முகத்தைக் கண்டு நின்று கதைக்கும் சமூகம் வாங்கி வைத்திருக்கிறது. ஆய்வின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இனி வடிவகணிதம். முக்காலி எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைந்துவிடும் என்பதே காரணம். நாற்காலிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு காலின் கீழ் மட்டை வைக்க வேண்டிவரும். கல் பெயர்ந்த நடைபாதையில் முச்சக்கர வண்டி சீராகப் போவதற்கு இதுவே காரணம் என்பார் முச்சக்கரவாதி. பாதி உண்மைதான். ஆனால் நான்கு மூலைகளில் ஒன்றை வெட்டினால் நிற்கும் பரப்பும் குறைகிறது. வேகமாகத் திரும்பும்போது முச்சக்கர வண்டி, முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் இணைக்கும் சாய்கோட்டின் மேலாகக் கவிழப் பார்க்கும். ஊரில் ஆட்டோவில் வளைவெடுத்தவர்களுக்கு இதற்குச் சூத்திரம் தேவையில்லை. இதனால்தான் நல்ல முச்சக்கர வண்டியின் பின்சக்கரங்கள் அகலமாகத் தள்ளி நிற்கின்றன. அந்த அகலத்துக்கு என்ன விலை என்பதைப் பிறகு பார்ப்போம்.

பின்பக்கம் மல்லாருவது வேறு விஷயம். மரக்கறிக் கடை வாசலில் நாளும் நடக்கும் காட்சி இது. கைப்பிடியின் ஒரு பக்கம் ஐந்து கிலோ மாப்பை, மறுபக்கம் மரவள்ளியும் தேங்காயும் தொங்குகின்றன. உள்ளே பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளை இருக்கும்வரை வண்டி சமநிலையில் நிற்கிறது. “இறங்கி நட ராசா” என்று பிள்ளையை இறக்கிய கணமே முன்சக்கரம் வானத்தைப் பார்க்க, தேங்காய் ரோட்டைக் கடக்கிறது. இதற்கு மூன்றாவது சக்கரத்தைத் திட்டுவோர் உண்டு. அது அநியாயம். பின்னால் மல்லாரும்போது வண்டி சுழல்வது பின் அச்சில். முன்னே ஒன்றிருந்தாலும் இரண்டிருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. குற்றவாளி மரவள்ளிதான். பையைக் கைப்பிடியில் மாட்டாமல் இருக்கைக்குக் கீழுள்ள கூடையில் வைக்கச் சொல்லி எல்லாக் கையேட்டிலும் எழுதியிருக்கிறார்கள். கூடையில் பிள்ளையின் சப்பாத்தும் பாதி கடித்த ரோல்ஸும் இருப்பதால் இடமில்லை.

மூன்றாவது சக்கரத்தின் பேரில் கிடைக்கும் புகழும் இப்படித்தான். அது மிருதுவாகப் போகிறது, புல்லில் புதையாது, ஓரக்கல்லில் ஏறும் என்கிறார்கள். அதெல்லாம் காற்றடைத்த பெரிய டயரின் வேலை. பன்னிரண்டு, பதினாறு அங்குல டயரை நான்கு சக்கர வண்டிக்குப் போட்டால் அதுவும் அப்படித்தான் போகும். குரொய்டனில் 2000ஆம் ஆண்டு முதல் ஓடும் டிராமின் தண்டவாளப் பள்ளத்தைக் கடக்கும்போது சிறிய சக்கரம் சிக்கும், பெரியது தாண்டும். அங்கே எத்தனை சக்கரம் என்று எந்தத் தண்டவாளமும் கேட்பதில்லை. காற்று டயருக்கு முள் குத்தும், ட்யூப் மாற்ற வேண்டும். முள் குத்தினாலும் இறங்கக் காற்றே இல்லாத நுரை டயர் கொஞ்சம் குலுக்கும், ஆனால் பம்ப் கேட்காது. வீட்டில் சைக்கிள் பம்ப் எங்கே இருக்கிறது என்று உடனே சொல்ல முடியாத குடும்பம் நுரை டயர் வாங்குவதே மேல்.

அகலத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் வீட்டின் உள்கதவு பெரும்பாலும் 762 மில்லிமீட்டர். பல முச்சக்கர வண்டிகளின் பின்பக்கம் 600ஐத் தாண்டும். கணக்குப்படி வண்டி தாராளமாக நுழையும். ஆனால் தமிழ் வீட்டு வாசல் நடையில் ஒரு பக்கச் சுவரோடு செருப்பும் சப்பாத்தும் குவிந்திருக்கும் என்பதைக் கட்டட விதிகள் கணக்கில் எடுக்கவில்லை. சப்பாத்துகளுக்கிடையே எஞ்சியிருக்கும் பாதையை அளந்த பிறகே கடைக்குப் போக வேண்டும். ஆய்வுக்கு அளவுநாடா போதும்.

பஸ் இன்னும் கடினமான தேர்வு. பிரிட்டிஷ் பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கான இடம் குறைந்தது 1300க்கு 750 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காலியாக இருந்தால் அங்கேதான் பிள்ளை வண்டியும் நிற்கும். 2012இல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போக வந்த டக் போலி என்ற சக்கர நாற்காலிப் பயணி ஏறியபோது, அந்த இடத்தில் உறங்கும் குழந்தையோடு ஒரு வண்டி நின்றது. தாய் நகர மறுத்தார். வண்டி மடியாது என்றார். போலி இறங்க நேர்ந்தது. வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். சாரதி சும்மா ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது, இன்னும் அழுத்திச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் ஆய்வுப்பொருளை அற்பம் என்று நினைப்பவர்கள் அந்த ஏழு பேரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

போலியின் பக்கம்தான் நியாயம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அதிலிருந்து பிறக்கும் விதி இது: ஒரு கையில் பிள்ளை, பின்னால் வரிசை, முன்னால் முறைக்கும் சாரதி, இந்த நிலையில் மற்றக் கையால் மடிக்க முடியாத வண்டி, எத்தனை சக்கரம் இருந்தாலும், பஸ்ஸில் போகிறவருக்கு ஆகாது. பெரிய முச்சக்கர வண்டிகள் பல இங்கே தோற்கின்றன. முன்சக்கரத்தைக் கழற்றினால்தான் கார் டிக்கியில் அடங்கும் என்று சில வண்டிகளோடு வரும் கையேடு சொல்கிறது. கழற்றிய சக்கரத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று அது சொல்லவில்லை.

பாதுகாப்பு விதிகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஈ.என். 1888 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் முதற்பகுதி 15 கிலோ வரையிலான பிள்ளைக்கு, இரண்டாம் பகுதி 22 கிலோ வரைக்கு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு முதுகு நன்றாகச் சாய வேண்டும். பிள்ளையை வைத்து ஓடுவதானால் அந்த வயது தாண்டியிருக்க வேண்டும், முன்சக்கரம் திரும்பாதபடி பூட்டியிருக்க வேண்டும், மணிக்கட்டில் வார் மாட்டியிருக்க வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது இந்த வகையில் சேருமா என்று கையேடுகள் தெளிவாக்கவில்லை.

பிறேக் பற்றி உலகம் அறிந்த காட்சி ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த படத்தில் வருகிறது. ஒடெசா படிக்கட்டில் குழந்தையோடு உருளும் வண்டிக்குச் சக்கரம் நான்கு. மூன்றாக இருந்தாலும் உருண்டுதான் இருக்கும். ஆனால் ஈஸ்ட்ஹாமின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. பூட்டிய பிறேக்கை எடுக்க முடியாது. கடையொன்றில் கேட்ட உரையாடலைக் களச் சான்றாகத் தருகிறேன்:

“பிள்ளை, இதின்ரை பிறேக் எங்கை கிடக்கு?”

“கீழை சிவப்பா ஒண்டு தெரியுதெல்லோ அம்மா. பூட்டுறதுக்கு மிதியுங்கோ. எடுக்கிறதுக்குக் கால்விரலாலை மேலை தட்டுங்கோ.”

“செருப்போடை எப்பிடித் தட்டுறது? நகம் போடும்.”

இந்த ஒரு வரியில் அடங்கிய பொறியியல் விமர்சனம் பல விற்பனை ஏடுகளில் கிடைக்காது. மிதித்தால் பூட்டி, மறுபடி மிதித்தால் எடுபடும் பிறேக்கும் சந்தையில் உண்டு. அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சேலைக் கரை பின்சக்கரத்தில் சுற்றுமா, நடக்கும்போது கால்விரல் பின் அச்சில் இடிக்குமா என்பவையும் அங்கேயே சோதிக்கத் தக்கவை. கடையில் அம்மம்மா நான்கு சுற்று நடந்தால் போதும். விற்பனையாளர் பொறுத்துக்கொள்வார்.

கடைசியாகக் கைப்பிடி. குடைபோல் மடியும் வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டு தனிப் பிடிகள். ஒரு கையால் தள்ளினால் அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வேலியைத் தேடும். ஒரே நீளத் தண்டாகக் கைப்பிடி உள்ள வண்டியை நடுவில் ஒரு கை வைத்து நேராகத் தள்ளலாம். மற்றக் கை குடைக்கு, மூத்த பேரனுக்கு, அல்லது ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருக்கும் தங்கச்சிக்கு. முச்சக்கர வண்டிகளில் அநேகம் ஒற்றைத் தண்டுடன் வருவதால், தண்டுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு சக்கரத்துக்குப் போய்விடுகிறது. ஒற்றைத் தண்டு, ஏறி இறங்கும் கைப்பிடி, நகத்தைப் பெயர்க்காத பிறேக், ஒரு கையால் மடியும் சட்டம் ஆகிய நான்கும் அமைந்தால், சக்கரம் மூன்றோ நான்கோ, அம்மம்மா கவலைப்படமாட்டார்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். அம்மம்மாவின் விசா ஆறு மாதம். வண்டியோ நான்கு வருடம் உழைக்க வேண்டியது. ஆறு மாதம் இருப்பவரை எப்படி அளவுகோலாகக் கொள்வது? அம்மம்மா விமானம் ஏறியதும் அப்பம்மா வந்து இறங்குவார் என்பது விடை. அவர் உயரம் வேறு. கைப்பிடி ஏறி இறங்க வேண்டும் என்றது அதற்காகத்தான். அம்மம்மா பார்த்து எடுத்த வண்டியை அவர் நல்லதென்று சொல்லப்போவதில்லை. அதற்கும் சக்கர எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை.