சர்வருக்கு ஒரு கூர்க்கா

2000-களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த சென்னைக் கம்பெனியில் சர்வர் கண்காணிப்பு என்றால் ராத்திரி ஷிஃப்ட்டில் ஒரு பையன். மணிக்கொரு தரம் 'பிங்' அடித்து, பதில் வந்தால் நோட்டில் 'ஓகே' எழுதுவான். விடியற்காலை மூன்று, நான்கு, ஐந்து மணி ஓகேக்கள் எல்லாம் ஒரே மூச்சில் எழுதியது போலவே இருக்கும். மேனேஜர் காலையில் வந்து கையெழுத்துப் போடுவார்.

பிறகு நாகியோஸ் வந்தது. ஈதன் கால்ஸ்டாட் 1999-இல் 'நெட்செயின்ட்' என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள். இனி மனிதனை நம்ப வேண்டாம், கான்ஃபிக் ஃபைலை நம்பலாம் என்றார்கள். ஒவ்வொரு சர்வருக்கும் 'டிஃபைன் ஹோஸ்ட்' என்று ஒரு பத்தி. யார் உட்கார்ந்து அடிப்பது? காப்பி, பேஸ்ட்தான். பெயரை மாற்றி ஐபி முகவரியை மாற்றாமல் விட்ட பத்திகளும் உண்டு. அப்போது ஒரு சர்வருக்கு இரட்டைக் காவல்; இன்னொன்று செத்தாலும் திரையில் பச்சைதான். நோட்டுப் பையன் பரவாயில்லை என்று தோன்றும்.

இப்போது பிராமிதியஸ். 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது. எல்லாம் யாமல் ஃபைல். உள்தள்ளலுக்கு டேப் கூடாது, ஸ்பேஸ்தான். அந்த ஆசாரம் தப்பினால் ஃபைலே செல்லாது. பதினைந்து நொடிக்கொரு தரம் சர்வரை விசாரிக்கச் சொல்லலாம். ஐந்து நிமிடம் தொடர்ந்து விழுந்து கிடந்தால் மட்டும் ஆளை எழுப்பு என்றும் எழுதலாம். அது ஐந்தா பத்தா என்று முடிவெடுக்க மீட்டிங் போடுகிறோம். ஒரு வரியை மாற்ற இரண்டு சீனியர்கள் ஒப்புதல் தர வேண்டும். சர்வர் 99.9 சதவீத நேரம் விழித்திருக்கும் என்று வாக்குக் கொடுத்தாலே வருடத்தில் எட்டே முக்கால் மணி நேரம் படுத்துக்கொள்ள சர்வருக்கு உரிமை உண்டு. எங்கள் பையனுக்கு அந்தச் சலுகை இருந்ததில்லை.

இத்தனைக்கும் பிறகு, காவல்காரன் தூங்கினால் யார் பார்ப்பது? அதற்கும் 'வாட்ச்டாக்' என்று ஒரு விதி இருக்கிறது. அது எப்போதும் அலறிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால்தான் ஆபத்து. தெருவில் கூர்க்காவின் விசில் கேட்காத ராத்திரிதான் நமக்குத் தூக்கம் வராது, அதே கணக்கு.

புதிதாக யாமல் எழுத உட்காருகிறவர்கள் அந்த விதியை முதலில் எழுதுங்கள். அதைக் கேட்கும் காது மட்டும் வேறொரு சர்வரில் இருக்கட்டும்.