கண்ணைத் திறக்கும் படக்கதை

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளுக்கு உயிரியலைப் படக்கதை காட்டி நடத்துகிறார்களாம். அடுத்துத் தாலாட்டும் பாடுவார்களோ?
– வாசகர், பெஸ்தாரி ஜெயா

பதில்: தாலாட்டு கண்ணை மூடும், படக்கதை கண்ணைத் திறக்கும். அமெரிக்காவின் ஜூனியாட்டா கல்லூரி உயிரியல் பேராசிரியர் ஜே ஹோஸ்லர், கண் பரிணமித்த கதையையே கல்லூரி மாணவர்களுக்காகப் படக்கதையாக வரைந்து 2008இல் வெளியிட்டார்.

நம் கம்போங் குவாந்தான் மின்மினி மட்டும் படக்கதைக்கு இளைத்ததா என்ன! பெரெம்பாங் மரத்தில் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னுகிற அது, புழுப் பருவத்தில் ஆற்றங்கரைச் சேற்றில் நத்தையைப் பிடித்துத் தின்கிறது. வளர்ந்தபின் லூசிஃபெரினோடு ஆக்சிஜன் சேர, லூசிஃபெரேஸ் என்ற நொதி வேலை செய்ய, வால் பக்கம் வெளிச்சம். நாலு கட்டத்தில் வரைந்தால் மறக்குமா? கரையை வெட்டி அழித்தால் நத்தையும் போகும், மின்மினியும் போகும் என்பது ஐந்தாவது கட்டம். அதை உங்கள் மகளையே வரையச் சொல்லுங்கள்.